சாட்சி டப்பாவைக் காணோம்

அத்தியாயம் 6

பினோவின் கார் முதியோர் இல்லத்து வாசலுக்கு இருபதடி முன்னால் ஒருமுறை இருமி, ஒருமுறை விக்கி, அப்படியே நின்றுவிட்டது.

"பாத்தீங்களா ஞா தெயோ? கரெக்டா முதியோர் இல்லமா பாத்து வந்து படுத்திருக்கு. கிழட்டுக் கட்டைக்கு எங்க ஒதுங்கணும்னு தெரிஞ்சிருக்கு."

ஞா தெயோ சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே கால்.

"பன்னெண்டு மணிக்கு நிமியாவை ஜட்ஜ் முன்னாடி நிறுத்தறாங்க. அதுக்குள்ள நம்ம கையில ஏதாவது இருக்கணும். இல்லன்னா சாயங்காலம் அவ பெண்கள் ஜெயில்ல இருப்பா. இறங்கு."

தெயோலிந்தா பரேய்ரோவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்த ஊர் மரியாதைக்குப் பெண்ணுக்கு 'ஞா', ஆணுக்கு 'தோன்'; அதனால் ஞா தெயோ. இருபத்திரண்டு வருஷம் முனிசிபாலிட்டியில் சமையலறை இன்ஸ்பெக்டராக இருந்தவள். மேயரின் மைத்துனர் நடத்திய கறிக்கடைக்கு 'சுத்தம்' என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பொய் எழுத மாட்டேன் என்றாள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் துப்பறிகிறாள். முன்னாள் பஸ் கண்டக்டர் அக்ரிபினோ என்கிற பினோ வண்டி ஓட்டுகிறான், கூடவே வாயையும் ஓட்டுகிறான். இந்தக் கேஸுக்கு நிமியாவின் மகள் லிஸ் கொடுத்த கூலி இரண்டு முட்டைக் கோழிகள். ஒன்று நேற்றே தப்பி ஓடிவிட்டது. ஆகவே பாதிக் கேஸைக் கண்டுபிடித்தால் போதும் என்பது பினோவின் வாதம்.

கேஸ் இதுதான். பத்து நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, இந்த இல்லத்தில் இருந்த பத்தொன்பது பேரில் பதினொரு பேருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. சனிக்கிழமைக்குள் நாலு பேர் போய்ச் சேர்ந்தார்கள். எண்பது வயது உடம்பில் தண்ணீர் எவ்வளவு இருக்கும், அப்படி இறங்கிப் போவதற்கு? சமைத்தவள் நிமியா. போலீஸ் பிடித்துக்கொண்டு போனதும் நிமியாவைத்தான்.

நிர்வாகி ரோலோன் சாவிக்கொத்தோடு வந்தான். அவனுக்கு முன்னால் அவன் சென்ட் வாசனை வந்தது.

"எதுக்குங்க இந்த வெயில்ல அலைச்சல்? அதான் ஆளைப் பிடிச்சாச்சே" என்றான்.

"வெயில் எங்களுக்குப் பழக்கம்" என்றான் பினோ. "எங்க கார்ல கூரையே பாதிதான்."

ரோலோன் சமையலறையைத் திறந்துவிட்டான். ஞா தெயோ வாசலிலேயே நின்று மூக்கை உயர்த்தினாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஆயிரம் சமையலறைகளை அவள் முதலில் மூக்கால்தான் பார்த்திருக்கிறாள். இங்கே சோப்பு வாசனை மட்டும் இருந்தது. கறி வெட்டச் சிவப்புப் பலகை, காய் வெட்டப் பச்சைப் பலகை, இரண்டும் தனித்தனி ஆணியில். கை கழுவத் தனித் தொட்டி. அதற்கு மேல், கை கழுவுவது எப்படி என்று நிமியாவே வண்ணப் பென்சிலில் வரைந்து ஒட்டிய படம். பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவளுடைய உணவுப் பாதுகாப்புச் சர்டிஃபிகேட்.

"என் வீட்டுக்காரி இதைப் பாத்தா என்னைக் கொன்னே போட்டுருவா" என்றான் பினோ.

"எதுக்கு?"

"'பாரு, இப்படி வச்சுக்கணும்'னு நான் சொல்லுவேன்ல, அதுக்கு."

ரோலோன் ஃப்ரிட்ஜைத் திறந்து மேல் தட்டைக் காட்டினான். தட்டு முழுக்கச் சின்னச் சின்ன மூடி போட்ட டப்பாக்கள், சிலதில் பழைய லேபிள், சிலது காலி. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஒரு கரண்டி எடுத்து, கிழமை எழுதி, மூன்று நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. யாருக்காவது வயிறு கெட்டால் அந்த டப்பா பேசும். அதனால் சமையல்காரர்கள் அதற்கு வைத்த பெயர் சாட்சி டப்பா.

"லேப்காரங்க திங்கக்கிழமை டப்பாவை எடுத்துட்டுப் போனாங்க. சுத்தம். புதன்கிழமை டப்பா, அதுவும் சுத்தம். செவ்வாய்க்கிழமையோட மூணு டப்பா மட்டும் காணோம்! பதினோரு வருஷத்துல ஒருநாள் தவறாதவ, அந்த ஒருநாள் மட்டும் தவறினாளாம். காதுல பூ வைக்கிறா."

ஞா தெயோ மேஜை இழுப்பறையைத் திறந்து நிமியாவின் நோட்டை எடுத்தாள். டப்பா வைத்த ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டிக். செவ்வாய்க்கிழமை வரியைப் பார்த்தாள். காலை, டிக். மதியம், டிக். இரவு, டிக்.

"தவறல, ரோலோன். மூணு டப்பாவையும் வச்சிருக்கா. அப்புறம் எடுத்திருக்கா."

"நான் சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க! அந்தத் திருடி தடயத்தை அழிச்சிட்டா." அவன் முகத்தில் திருப்தி வழிந்தது. ஆபீஸில் வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

பினோ தலையைச் சொறிந்தான். "ஞா தெயோ, நாம நிமியாவோட ஆளா, இல்ல இவனோட ஆளா? ஒரு டிக் அடிச்சுச் சொல்லுங்க, நின்னுக்கறேன்."

"நீ போய் ஒரு வேலை பண்ணு. பத்தொன்பது பேரும் ஒரே சூப்தான் குடிச்சாங்க. பதினொரு பேர் விழுந்தாங்க. எட்டுப் பேர் கல்லு மாதிரி இருக்காங்க. அந்த எட்டுப் பேருக்கும் என்ன பொருத்தம்னு கேட்டுட்டு வா."

பினோ போனான். முதியவர்களிடம் விசாரணை என்பது லேசுப்பட்ட வேலையா? ஒரு பாட்டி அவனைத் தன் பேரன் என்று முடிவுகட்டி, ஏன் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்று காதைத் திருகினாள். அவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். முக்கால் மணி நேரம் கழித்து, தன் தெர்மோஸைக் கக்கத்தில் இடுக்கி, மாட்டுக்கொம்புக் குவளையில் உறிஞ்சியபடி திரும்பி வந்தான்.

"எழுதிக்கோங்க. அஞ்சு பேர் படுத்த படுக்கை. சூப்பையே கரண்டியால ஊட்டி விடறாங்க. ஆறாவது ஒரு ரயில்வே கார்டு. சீட்டாட்டத்துல சண்டை போட்டு, ஒரு மாசமா யாரோடயும் உக்காராம ரூமுக்குள்ளயே இருக்காரு. ஏழாவது அம்மா பதினோரு மணி வரைக்கும் தூங்குவாங்க. எட்டாவது தோன் சில்வானோ. கிட்னி கெட்டுப்போய், நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான்னு டாக்டர் அளந்து வச்சிருக்காரு. பாவம், அவருக்கு வரல, அவரு பொண்டாட்டி பெலிப்பாவுக்கு வந்துச்சு. முதல் சாவு அந்தம்மாதான். இன்னைக்கு ஒன்பதாம் நாள். பதினொன்றரைக்கு ஜெபம் முடிஞ்சதும் வந்தவங்களுக்கெல்லாம் இவரே உபசாரம் பண்ணணுமாம்."

"மத்த பதினொரு பேரும் அன்னைக்கு என்னென்ன சாப்பிட்டாங்க?"

"சுகாதாரக்காரங்க எழுதின பட்டியலே இருக்கு. காலைல பால், பிஸ்கட். மதியம் இடிச்ச கறி சூப், மரவள்ளிக்கிழங்கு. ராத்திரி சோளக் கஞ்சி. வேற ஒரு சொட்டு வாயில படலன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க."

ஞா தெயோ அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பினோ. காலைலேர்ந்து நீ என்ன சாப்பிட்ட?"

"ரெண்டு எம்பனாடா. ஒரு காப்பி."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. பொண்டாட்டி மேல சத்தியம்."

"கையில என்ன?"

பினோ கையைப் பார்த்தான். "இதுவா? இது தெரெரே."

"அதை என்ன பண்ணிக்கிட்டு இருக்க?"

"குடிச்சு... ஞா தெயோ, தெரெரேயைப் போய் யாராவது கணக்குல சேப்பாங்களா? மூச்சு விடறதையுமா எழுதிக் குடுப்பாங்க?" சொல்லிக்கொண்டே வந்தவன் வாய் பாதியில் நின்றது.

பராகுவேயில் பிறந்தவனுக்கு இலைத்தூளும் ஐஸ் தண்ணீரும் இடித்த பச்சிலையும் சேர்ந்த அந்தக் குவளை கையின் ஆறாவது விரல். காலை ஒன்பது மணிக்கு வட்டமாக உட்கார்ந்து, ஒரே குவளை, ஒரே உறிஞ்சுகுழல், ஒருவர் ஊற்றித் தர மற்றவர் முறைபோட்டுக் குடிப்பார்கள். அதை உணவு என்று யாரும் நினைப்பதில்லை. கேட்க வந்த சுகாதார அதிகாரியும் ஒரு கையில் குவளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால்தான் பட்டியல் எழுதியிருப்பார்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்களால குழல்ல உறிஞ்ச முடியாது" என்றாள் ஞா தெயோ. "கோபக்காரர் வட்டத்துக்கு வரல. தூங்குமூஞ்சி அம்மா எழுந்திருக்கல. தோன் சில்வானோவுக்குத் தண்ணியே அளவு. சூப் எல்லாருக்கும் போச்சு, தெரெரே பதினொரு பேருக்குத்தான் போச்சு. இது சமையலறையில நடக்கவே இல்ல, பினோ."

"அப்போ ஜெயிச்சிட்டோம்! ஓடின கோழியையும் சேத்துக் கேக்கலாம்."

"குவளை எங்க?"

பின்தாழ்வாரத்தில், தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கியது இல்லத்தின் கொம்புக் குவளை. பினோ அதைக் கையில் எடுத்து, மோந்து பார்த்து, நெருப்பைத் தொட்டவனாய்க் கீழே வைத்தான்.

"ஐயையோ, பிளீச்சிங்! உள்ள பாருங்க, எலும்பு வெள்ளை. எந்தப் பாவி இதைப் பண்ணான்? கொம்பைச் சோப்புகூடப் போட்டுக் கழுவ மாட்டோமே! பழக்கின வாசனை போயிடுமே. மாமியார் சாவுக்குக்கூட நான் இவ்வளவு வருத்தப்படல."

"இலை இடிக்கிற உரலையும் பாரு."

மர உரலும் வெளுத்திருந்தது. பிளீச்சிங் டின் இருக்கும் அலமாரிக்குச் சாவி ஒன்றுதான், அது நிமியாவின் இடுப்பில் இருக்கும் என்று காலையிலேயே ரோலோன் சொல்லியிருந்தான். பினோ உரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஞா தெயோ... அப்போ டப்பாவை எடுத்ததும் அவ, குவளையைக் கழுவினதும் அவளா? நம்ம ஆளேதானா?"

ஞா தெயோ குவளையை ஆணியில் மாட்டிவிட்டு, பின்கட்டில் இறங்கி நடந்தாள். நாலு மாதமாக மழை இல்லை. சிவந்த மண் வெடித்துக் கிடந்தது. மரவள்ளிச் செடி காய்ந்து குச்சியாக நின்றது, வேலியோரப் புல்கூடப் பழுப்பு. கோடியில், மதிலோரமாக ஒரே ஒரு மூலை மட்டும் பச்சை. ஊரே தாகத்தில் கிடக்க, அங்கே மட்டும் யார் வார்த்தது? அவள் கிட்டே போய்க் குனிந்தாள். புதினாப் பாத்தி. பழைய தண்டுகள் கருகி, மண்மேல் வெள்ளையாகப் பிளீச்சிங் பூத்திருந்தது. அதைக் கிழித்துக்கொண்டு புதுத் தளிர் தளதளவென்று வந்திருந்தது. இரண்டடி தள்ளி, மண்ணுக்குள் புதைந்த சிமென்ட் மூடி. மூடியின் விளிம்பு ஈரம்.

மூக்குக்கு இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

"கக்கூஸ் குழி" என்றான் பினோ, கைக்குட்டையால் வாயைப் பொத்தி. "பொங்கி இந்தப் பக்கம் கசியுது. இந்தப் புதினாவைப் பறிச்சு, பச்சையா இடிச்சு, ஐஸ் தண்ணியில போட்டு..." அவன் தன் கையிலிருந்த குவளையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தள்ளி வைத்தான்.

அப்போது ஞா தெயோவின் போன் அடித்தது. கோர்ட்டிலிருந்து லிஸ். வக்கீல் கெஞ்சியதில் போலீஸ் அம்மாவிடம் ரெண்டு நிமிஷம் பேச விடுகிறார்கள் என்றாள். ஞா தெயோ ஸ்பீக்கரைப் போட்டாள்.

"எங்க நிக்கறீங்க ஞா தெயோ?" நிமியாவின் குரல் களைத்திருந்தது.

"பின்கட்டுல. புதினாவுக்கு முன்னாடி."



"அப்போ கண்டுபிடிச்சிட்டீங்க."

"டப்பாவை எதுக்குடி தூக்கிப் போட்ட? சூப்புல ஒண்ணுமே இல்ல. அந்த மூணு டப்பா இருந்திருந்தா நீ அன்னைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம்!"

"அதனாலதான் போட்டேன். சூப் நல்ல சூப்புன்னு தெரிஞ்சா, வேற எதுன்னு தேடுவாங்க. தேடினா தெரெரேக்கு வருவாங்க. தெரெரேயை ஊத்தறது யாரு? தோன் சில்வானோ. இலை பறிக்கறது, இடிக்கறது, எல்லாம் அவருதான். தான் ஒரு வாய் குடிக்க முடியாது, அடுத்தவங்க குடிக்கறதைப் பாத்துச் சந்தோஷப்படுவாரு. புதன்கிழமை உரலைக் கழுவும்போதுதான் எனக்கு வாடை தெரிஞ்சது. பெலிப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அவரு பக்கத்துல உக்காந்து, 'அந்தச் சூப்புல என்னம்மா இருந்துச்சு'ன்னு என்கிட்ட கேட்டாரு. நான் என்னன்னு சொல்வேன்?"

 பினோவுக்கு அப்போதுதான் உறைத்தது. குற்றவாளிகள் தடயத்தை அழித்து அவன் நிறையப் பார்த்திருக்கிறான். தான் குற்றமற்றவள் என்பதற்கான தடயத்தை ஒருத்தி உட்கார்ந்து தேய்த்துக் கழுவி அவன் பார்த்ததில்லை.

"அதுக்காக நீ ஜெயிலுக்குப் போவியா?" என்றாள் ஞா தெயோ. "நீ என்ன தப்புப் பண்ண?"

"அந்த இடத்தைக் காட்டினவ நான்தான்."

"என்னடி சொல்ற?"

"வறட்சி. அவரு எங்க நட்டாலும் கருகுச்சு. சின்னப் பிள்ளை மாதிரி வந்து வருத்தப்பட்டாரு. 'மதிலோரம் ஈரமா இருக்கு, அங்க வைங்க தோன் சில்வானோ'ன்னு நானே சொன்னேன். சுவத்துல சர்டிஃபிகேட் மாட்டியிருக்கேன். கை கழுவறதுக்குப் படம் வரைஞ்சு ஒட்டியிருக்கேன். அந்த ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. குழி பொங்குதுன்னு ரோலோனுக்கு மூணு லெட்டர் குடுத்தவளும் நான்தான். ஆனா ரெண்டையும் சேத்துப் பாக்கல. அந்தத் திங்கக்கிழமை குழி ரொம்பப் பொங்கிச்சு. நாலு உசுரு, ஞா தெயோ."

"லெட்டருக்கு நகல் இருக்கா?"

"சமையல்காரி நகலா எடுத்து வைப்பா? விடுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டேன். கெட்டுப்போன கறின்னு தெரிஞ்சே போட்டேன்னு எழுதிக் குடுத்தாச்சு. ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணுங்க. அந்த மனுஷன்கிட்ட சொல்லாதீங்க. பொண்டாட்டிக்குத் தன் கையாலயே ஊத்திக் குடுத்தேன்னு தெரிஞ்சா, அவரு இருக்கறவரைக்கும் அதையேதான் நெனச்சுக்கிட்டு இருப்பாரு. பண்ணுங்க சத்தியம்."

ஞா தெயோ கண்ணை மூடினாள். "சரி, நான்..."

"ஞா தெயோ!" பினோ பாத்தியில் மண்டியிட்டிருந்தான். அவன் குரலில் விளையாட்டே இல்லை. "இந்தத் தண்டுங்களைப் பாருங்க. நகத்தால கிள்ளியிருக்கு. இன்னும் ஈரம் காயல. இன்னைக்குக் காலைல யாரோ பறிச்சிருக்காங்க."

அவன் பேச ஆரம்பிக்கும்போதே ரெண்டு நிமிஷம் முடிந்து போன் கட்டாகியிருந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள். வந்தவங்களுக்கெல்லாம் இவரே உபசாரம் பண்ணணுமாம். தெரெரே இல்லாத உபசாரம் இந்த ஊரில் ஏது? நிமியா சமையலைக் கரைத்துக் குடித்தவள், செடியைப் பற்றி அறியாதவள். புதினாவின் மேலே பிளீச்சிங் ஊற்றினால் கீழே வேர் உயிரோடு இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னது?

ஞா தெயோ ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதுக்கும் அவள் முழங்காலுக்கும் அது அதிகம். பினோ பின்னால் ஓடினான்.

ஜெப அறையிலிருந்து பெண்களின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்களே இருபது பேர் இருப்பார்கள். அறைக்கு வெளியே நடையில் ஒரு மேஜை. அதில் ஐஸ் மிதக்கும் பெரிய கூஜா, ஐஸுக்கு நடுவே இடித்த புதினா. பக்கத்தில் தோன் சில்வானோ நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புப் பட்டை, மெலிந்த கழுத்து. கையில் இருந்தது பெலிப்பாவின் சொந்தக் குவளை, வெள்ளி விளிம்பு கட்டியது. டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார். அந்தக் குவளை நிமியாவின் கைக்கு அகப்படவே இல்லை.

அவர் முதல் குவளையை ஊற்றினார். யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். முதல் குவளை புனித தோமாவுக்கு. புனிதர் குடித்து முடிக்கும்வரை, அதாவது இலை நீரைக் குடிக்கும்வரை, மனிதர்கள் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம்தான் ஞா தெயோவுக்குக் கிடைத்தது.

"வாங்க ஞா தெயோ" என்றார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. உள்ள ஜெபம் முடியப் போகுது. முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க." இரண்டாவது குவளையை ஊற்றி நீட்டினார்.

ஞா தெயோ வாங்கவில்லை. "நன்றி, தோன் சில்வானோ."

அவர் கை அந்தரத்தில் நின்றது. வட்டத்தில் நன்றி என்றால், 'போதும், இனி வேண்டாம்' என்று அர்த்தம். கடைசியில் சொல்ல வேண்டியது.

"வாயிலயே வைக்கல, அதுக்குள்ள நன்றியா?" சிரிக்கப் பார்த்தார். "என் கை சுத்தமாத்தான் இருக்கு. நிமியா படம் போட்டிருக்காளே, அதே மாதிரி விரலுக்கு நடுவுலகூடச் சோப்பு போட்டுக் கழுவினேன்."

பினோ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"கை இல்ல தோன் சில்வானோ" என்றாள் ஞா தெயோ.  "புதினா. மதிலோரம் கக்கூஸ் குழி கசியுது. அந்த ஈரத்துலதான் அது வளருது."

அவர் கூஜாவைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த குவளையைப் பார்த்தார். அவர் ஏழாம் வகுப்பு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டிப் பார்க்கத் தெரியாதவர் இல்லை.

"சூப் இல்லையா?"

"சூப் இல்ல."

"நானா?"

ஞா தெயோ கூஜாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

அவர் குவளையை மெதுவாக மேஜைமேல் வைத்தார். "செவ்வாய்க்கிழமை அவ மூணு தடவை கேட்டு வாங்கிக் குடிச்சா. புதினா நல்லா ஏறியிருக்குன்னா. அவளுக்குப் பிடிக்குமேன்னு இன்னும் ரெண்டு கைப்பிடி போட்டு இடிச்சேன்." உட்கார நாற்காலியைத் தேடினார். பினோ தாங்கிப் பிடித்து உட்கார வைத்தான். பெரியவரின் உடம்பு கனமே இல்லை. 

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழப் பார்த்தார். "கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணா? நான் சொல்றேன் ஜட்ஜ்கிட்ட."

"சொல்லலாம்" என்றாள் ஞா தெயோ. அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "ஆனா கேளுங்க. புதினாவை அங்க நடச் சொன்னது நிமியா. டப்பாவைத் தூக்கிப் போட்டது, குவளையைக் கழுவினது, பாத்தியில பிளீச்சிங் ஊத்தினது எல்லாம் நிமியா. நீங்க போய் நடந்ததைச் சொன்னா, கறி கெட்டதுக்குப் பதிலா இதுக்குன்னு அவ மேலயே எழுதுவாங்க. கூடவே தடயத்தை அழிச்சதுக்கும். காலைலேர்ந்து அவளை வெளிய கொண்டுவர சாவி தேடினேன் தோன் சில்வானோ. கிடைச்சதெல்லாம் பூட்டுதான்."

"எதுக்கு அழிச்சா?"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு."

 உள்ளே ஆமென் கேட்டது. நாற்காலிகள் நகரும் சத்தம். அவர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்து, ஜெப அறை வாசலில் போய் நின்றார். "மன்னிக்கணும், இன்னைக்குத் தெரெரே இல்ல. ஐஸ் கிடைக்கல" என்றார். சாவு வீட்டில் இப்படியா என்று ஒரு அம்மாள் முணுமுணுத்தது நடைவரை கேட்டது.

அதற்குள் ஞா தெயோ சமையலறையிலிருந்து ஒரு காலி டப்பாவை எடுத்து வந்து, கூஜாவிலிருந்த புதினாவை அதில் அடைத்து, கிழமையை எழுதி ஒட்டினாள். மிச்சத்தைப் பினோ குழியிலேயே கொண்டுபோய்க் கொட்டினான். அந்தப் பாத்தியை வேரோடு பிடுங்கினான், நகம் கிழியும்வரை பிடுங்கினான்.

வாசலில் ரோலோன் நின்றிருந்தான்.

"அந்தக் குழியை இன்னைக்கே சரி பண்ணுங்க" என்றாள் ஞா தெயோ.

"எந்தக் குழி?" என்றான் ரோலோன்.

பினோ ஒரு அடி முன்னால் வைத்தான். ஞா தெயோ அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவனை அடித்து என்ன ஆகப்போகிறது? நாலு பேரும் எழுந்து வரவா போகிறார்கள்?

தோன் சில்வானோ கார்வரை கூட வந்தார். பன்னிரண்டடிக்க அஞ்சு நிமிஷம். பினோ ஞா தெயோவின் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தான்.

"இதை என்ன பண்ணப் போறீங்க?"

"குடுத்தா நிமியாவுக்கு இன்னும் நாலு வருஷம், இவரு பேரு பேப்பர்ல. குடுக்கலன்னா குழி அப்படியே இருக்கும். எனக்குத் தெரியல பினோ. எதுவும் தெரியல."

போன் அடித்தது. லிஸ் அழுதுகொண்டே பேசினாள். அம்மாவே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்ததால் ஜட்ஜ் பன்னிரண்டுக்கு முன்னாலேயே முடித்துவிட்டாராம். அஞ்சு வருஷம். அம்மாவை வேனில் ஏற்றுகிறார்களாம்.

"அம்மா ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. தோன் சில்வானோவுக்குத் தெரியுமான்னு. பதிலைக் கேட்டுத்தான் வேன்ல ஏறுவேன்னு அடம்பிடிக்கறாங்க. என்ன சொல்ல?"

ஸ்பீக்கரில் வந்தது பெரியவர் காதிலும் விழுந்தது. அவர் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஞா தெயோவைப் பார்த்தார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். தனக்குத் தெரியும் என்று சொல்ல வேண்டாம்.

ஒரு பொய் எழுத மறுத்து உத்தியோகத்தை இழந்த ஞா தெயோ, போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"தெரியாதுன்னு சொல்லு. வந்தவங்களுக்குத் தெரெரே ஊத்திக்கிட்டு இருக்கார்னு சொல்லு."

பினோ சாவியைத் திருகினான். கார் ஒரே திருகலில் கிளம்பியது. இந்த ஆறு வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை. அதற்கு ஒரு கிண்டல் கைவசம் இருந்தது. அதைச் சொல்லாமலேயே வண்டியை எடுத்தான்.